மஸீஹாவின் ஊசி

ஏப்ரல் 27, 2009
பள்ளிக்கூட ஊழியர்களின் மருத்துவ இன்சூரன்ஸ் கட்டணம் இம்முறை ஒன்றரை மடங்காகிவிட்டது. நிருவாகம் அதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு ஹெல்த் அக்கவுண்டில் வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு டொலர் போடப்போகிறதாம். பல், கண்ணாடி, மருந்து எல்லாவற்றையும் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒஃபிஸில் இருப்பவள் நான்தானே, கணக்குப் பார்க்கிற வேலையை அதிபர் செலீன் என் தலையில் கட்டிவிட்டார். பள்ளிக்கு லாபம்தான். என் மகள் மஸீஹாவின் ஒரு ஊசிக்கே அந்தக் காசு காணாது.

அவளுடைய குடல் வருத்தம் வெளியில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒஷாவா டவுனில் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் சொல்ல முடியுமா? மாப்பிள்ளையின் மாமி ரஹ்மத்தும்மா எங்கள் பள்ளியிலேயே படிப்பிக்கிறார்.

ஏப்ரல் 30
பெரிய மருந்துச் செலவு உண்டா இல்லையா என்று பேர் போடாமல் துண்டில் எழுதித் தரச் சொன்னார் செலீன். எல்லாத் துண்டிலும் ‘இல்லை’. என்னுடையதிலும்தான். பேர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் எங்கள் ஆட்கள்!

ஒருவருக்கும் பெரிய செலவு இல்லையென்றால் கட்டணம் ஏன் கூடியது? ஆரோ ஒராள் மறைக்கிறார் என்று ஒரே கதை.

மே 6
ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். கணிதம் படிப்பிக்கும் கனகாம்பிகை! ஒரு மாதத்தில் பாதியாய்ப் போய்விட்டார், சாப்பிடுவதும் இல்லை. அவருடைய தமையன் குடும்பத்தோடு, சண்டை நடக்கிற வன்னிக்குள் அகப்பட்டிருக்கிறார். மாசியிலிருந்து போன் இல்லை. எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்.

“உவவின்ட வருத்தத்தாலதான் எங்கள் எல்லாருக்கும் வெட்டு விழப்போகுது,” என்றார் ரஹ்மத்தும்மா. நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு நின்றேன்.

மே 8
இன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சீ.

மே 18
விக்டோரியா தினம், கனடா முழுக்க லீவு. சண்டை முடிந்துவிட்டதென்று டீவியில் சொல்கிறார்கள். கனகாம்பிகைக்கு போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பார்க்கில் பட்டாசு வெடிக்கிறது. லீவுக்குத்தான், தெரியும். என்றாலும் — இன்றைக்கா?

மே 19
இன்சூரன்ஸை விட்டு அக்கவுண்டுக்கு மாறுவதா என்று மீட்டிங். கனகாம்பிகை வரவில்லை. “வருத்தம் முத்திட்டுதாக்கும். ஆளில்லாத நேரமே கையுயர்த்தி முடிப்பம்,” என்றார் ரஹ்மத்தும்மா. நான் எழும்பிவிட்டேன்.

“அவவுக்கு ஒரு வருத்தமும் இல்ல. தமையனக் காணயில்ல எண்டு சாகிறா. ஊசி என்ட மகளுக்கு. கட்டணம் கூடினது எங்களாலதான்.”

ரஹ்மத்தும்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விளையாட்டுப் பாடம் எடுக்கும் றொபேட் மெல்ல, தனக்கும் இருதயத்துக்கு மருந்து என்றார். முடிவைத் தள்ளிப்போட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். மஸீஹாவின் வாப்பா தலையில் கை வைத்தார். மகளோ, “ஃபைனலி, உம்மா!” என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

ஜூன் 5
நான் போட்டுக்கொடுத்த புதுக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். மருந்துக்கு இன்சூரன்ஸ் இருக்கும், பல்லும் கண்ணாடியும் மட்டும் அக்கவுண்டில். பள்ளிக்கும் கொஞ்சம் மிச்சம்.

ஜூன் 7
இன்றைக்கு வருவதாயிருந்த ஒஷாவா மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. போனும் இல்லை. கனகாம்பிகைதான் வந்தார். தமையனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. மஸீஹாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, “ஊசி போடக்குள்ள நோகுமா பிள்ள?” என்று கேட்டார். வெளியாள் ஒருவர் அவளிடம் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. மஸீஹா சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்.