மேடையில் தூக்கிக் காட்டிய கை

மார்ச் 3, ஞாயிறு

இன்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், பெரிய மகன், மூத்த மகள், அவள் புருஷன், சின்னவள், நான். வாய் ஓயாதவர்கள் இரண்டே பேர். மகன் பஸ் டிப்போ சங்கச் செயலாளர்; சோஷலிசம் வந்தால்தான் எல்லோருக்கும் சோறு என்கிறான். மாப்பிள்ளை பேக்கரி முதலாளி. சந்தையைச் சும்மா விட்டால் அதுவே சோறு போடும் என்கிறார். இரண்டு பேருக்கும் தட்டில் சோறு போட்டது நான்.

சின்னவள் மாப்பிள்ளையின் பேக்கரியில்தான் அடுப்பு வேலை பார்க்கிறாள். கிழிந்த கையுறைக்கு மாற்றுக் கேட்டும் தரவில்லை. முந்தாநாள் வலது கை வெந்துவிட்டது. அதைப் பற்றி மேசையில் ஒரு பேச்சில்லை.

மார்ச் 4

கை முழுக்கக் கொப்புளம்.

மார்ச் 10

வாசகசாலை மாடியில் விவாதம். நாட்டை வாழவைப்பது சோஷலிசமா, சுதந்திரச் சந்தையா? நடுவர் என் வீட்டுக்காரர். ரிட்டையர் ஆனபிறகு அதுதான் அவர் உத்தியோகம்.

மகன் சின்னவளை மேடைக்கு இழுத்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "பாருங்க, இதுதான் முதலாளித்துவம்!" என்றான். கைத்தட்டல். மாப்பிள்ளை விடுவாரா? அதே கையைப் பிடித்தார். "பிடிக்கலேன்னா நாளைக்கே வேற வேலைக்குப் போகலாம் மச்சான். அந்தச் சுதந்திரம்தான் சந்தை!" அதற்கும் கைத்தட்டல். கட்டு அவிழ்ந்து தொங்கியதை இரண்டு தடியன்களும் பார்க்கவில்லை.

நடுவர் தீர்ப்பு: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

த்தூ.

மார்ச் 11

மாப்பிள்ளை அவள் இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார். "ரொட்டி காத்திருக்காது அத்தை" என்கிறார். சங்கத்து ஆட்களோடு போய்க் கடை வாசலில் நில்லுடா என்று மகனிடம் சொன்னேன். "அம்மா, இது தனி ஆள் பிரச்சினை இல்ல. அமைப்பே மாறணும்." அமைப்பாம்! உன் தங்கச்சிடா அவ. அது மாறுற வரைக்கும் அவ எந்தக் கையால சாப்பிடுவா?

மார்ச் 12

சின்னவள் அப்பாவிடமே போனாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாமா கேப்பாருப்பா."

இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் நடுவர்மா. ஒரு பக்கம் சாஞ்சா, அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நான் கேட்டேன். வாய் வலிக்கும்வரை கேட்டேன்.

ஏப்ரல் 28

சின்னவள் காலை ரயிலில் போய்விட்டாள். தூரத்து ஊரில் ஒரு ஹோட்டலில் துணி மடிக்கும் வேலை. இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டாள்.

மகனும் மாப்பிள்ளையும் அடுத்த ஊர் விவாதத்துக்கு ஒரே வண்டியில் கிளம்பினார்கள், சிரித்துக்கொண்டே. மாப்பிள்ளை வேற்று வீட்டுப் பிள்ளை. மகன் மைக்கைக் கண்டால் மதிகெட்டுப்போகிறவன், தொலையட்டும். பெற்ற பெண் எதிரில் நின்று கேட்டும் வாய் திறக்காத ஒருவரைத்தான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் — என் வீட்டுக்காரரை.