நான் திரும்பிப் பார்க்கவில்லை

மார்ச் 4

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இன்று சாம்பார் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்தேன். சமையல் உதவியாளர் ஓடிவந்து கையைத் தண்ணீரில் முக்கிய பிறகுதான் சுட்டிருக்கிறது என்றே தெரிந்தது. வலிக்கவில்லை. வலித்திருக்க வேண்டும்.

கண்மணி போய் எண்பத்தாறு நாள். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் வந்து நாலு வருடம் எங்களோடு இருந்தவள். சாவுக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து, "இவ என்ன கல்லா இருக்கா" என்றார்கள். காதில் விழுந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

கிராம நர்ஸ் வந்து மருந்து போட்டார். போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் கவுன்சிலிங் கொடுக்கும் ஒரு மேடத்தைப் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 6, புதன்

எங்கள் ஊர் பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ். மேடம் பெயர் பதுருன்னிசா. பழனி பஜாரில் பாத்திரக்கடைக் குடும்பமாம். ஊசி, மாத்திரை எதுவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல்.

"என்ன நடக்கும்னு முதல்லயே சொல்லிடறேன் புவனா. வெரசா சரியாகாது. ஏறும், இறங்கும். பேச ஆரம்பிச்சா, இப்ப இருக்கறதவிட மோசமாக்கூட இருக்கும். இங்க வர்றதையே விட்டுரலாம்னு தோணும்."

"எனக்குக் கஷ்டமா இல்லையே மேடம். ஒண்ணுமே இல்லை."

"அதுதான். தாங்க முடியாதுன்னு உடம்பு மரத்துப்போய் உக்காந்திருக்கு."

சரி என்றேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மார்ச் 13

போனேன். பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 27

நடந்ததைச் சொன்னேன். டிசம்பர், காலை ஆறரை மணி. பூண்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற்றிவிட நானும் கண்மணியும் போனோம். எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூட்டம். கீழ்ப்பாத்தியில் காட்டுமாடு நின்றிருக்கிறது. அவள் முன்னால் போனாள். நான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். வருவதற்குள் முடிந்துவிட்டது.

"பேப்பர்ல வந்த செய்தியைப் படிக்கிற மாதிரி சொல்றீங்க" என்றார் மேடம். குற்றமாகச் சொல்லவில்லை.

போலீசிடமும் ஃபாரஸ்ட்காரர்களிடமும் இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். வீட்டுக்காரரிடமும்.

ஏப்ரல் 5

மூன்று நாளாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த மாட்டு வாடை. சோறு இறங்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முன்னாடி நல்லாத்தானே இருந்தேன்? மரக்கட்டை மாதிரி கெடந்தாலும் தூங்குனேனே. இத எதுக்குக் கெளறணும்?

வீட்டுக்காரர் ராஜமுருகன் சொன்னார்: "பேசுனா செத்தவ வந்துருவாளா? பழனிக்குப் போயி ஒரு மொட்டையப் போட்டுட்டு வருவோம்." சரி என்றேன். போகவும் இல்லை.

ஏப்ரல் 17

போன வாரம் மேடம் ரம்ஜானுக்கு ஊருக்குப் போயிருந்தார். இந்த வாரம் நானே போகவில்லை. சாயங்காலம் போன் செய்தார்.

"வரச் சொல்லிக் கூப்பிடல. சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"ஒரு வாய் சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மதியச் சோறு இருந்தது. அவர் பேசவில்லை. நான் மென்றேன்.

மே 8

சீசன் கூட்டம். பஸ் நகரவில்லை. பாதியில் இறங்கி நடந்தே போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

மதினின்னு கண்மணி கூப்பிட்டா மேடம். ரெண்டு தடவ. மொத தடவ கூப்பிட்டப்பவே நான் ஓடிட்டிருந்தேன். ரெண்டாவது தடவ காதுல விழுந்துச்சு — நல்லா விழுந்துச்சு. திரும்பல. ஆளக் கூட்டியாரணும்னு ஓடல. பயந்துபோய் ஓடுனேன். ஆளுக எதுக்க வந்தாங்க, அவ்வளவுதான்.

மேடம் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு, "கால் ஓடிருச்சு. யோசிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கெடைக்கல. அதுக்கப்புறம் அஞ்சு மாசமா யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றார்.

நான் எழுந்திருக்கிறவரை கூடவே உட்கார்ந்திருந்தார். அடுத்து வந்தவரை வெளியே காக்கச் சொன்னார்.

மே 9

ஒன்றும் இல்லை. பீன்ஸ் பறித்தோம்.

ஜூன் 2

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மேடம் சொல்லச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தனக்கும் தெரியாது என்றுதான் சொன்னார்.

வீட்டுக்காரர் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டதையும் நான் ஓடியதையும் சொன்னேன். தலை நிமிரவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

ஜூன் 3

பேசவில்லை.

ஜூன் 4

பேசவில்லை. அவரே தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறார். போய்விடு என்று சொல்வாரோ? சொன்னால் கன்னிவாடிக்கு, அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். எந்தெந்தப் புடவை எடுத்துவைப்பது என்றுகூட நினைத்துப் பார்த்தேன். யாருடைய புடவையையோ நினைப்பது போல இருந்தது.

ஜூன் 6

வெள்ளனே எழுந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"அன்னிக்குத் தண்ணி மாத்துற சோலி என்னோடது."

அடுப்பை அணைத்தேன்.

"குளிருதுன்னு படுத்துக்கிட்டேன். 'நீ போயிட்டு வந்துரு கண்மணி'ன்னு எழுப்பி விட்டது நாந்தான். அவ தனியாப் போக வேணாம்னுதான் நீ போன."

அடுப்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறு மாதம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷனும் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நானும் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகில் கை வைத்தேன். குலுங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து எனக்கும் அழுகை வந்தது. பாலில் ஆடை கட்டிவிட்டது.

ஜூன் 26, புதன்

இன்று நான் போகவில்லை. அவர் போனார். மேடம் அவருக்கென்று தனியாக நேரம் கொடுத்திருக்கிறார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி பஸ் ஏறினார்.

திரும்பி வந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணுமே பேச வரல."

"வராது" என்றேன். "நாலஞ்சு வாரமாவது ஆகும். நடுவுல தூக்கம் கெடும். அதுக்குப் பயந்து நிறுத்திராதீங்க."

தலையாட்டினார். சற்றுப் பொறுத்து, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.