இடது கைக்குச் செய்த கைப்பிடி

அத்தை,

இன்று காலை உங்கள் மகள் மல்லிகா பீரோவின் அடித்தட்டை இழுத்துப் போட்டுக் கம்பளி நூல் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு, உங்கள் பேத்திக்கு, இது ஏழாவது மாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தன் கையால் ஒரு குல்லா பின்ன வேண்டுமாம். மல்லிகாவுக்குப் பின்னல் வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் தேடினாள். நூல் கிடைக்கவில்லை. பழைய துண்டில் சுற்றியிருந்த உங்கள் கொக்கி ஊசிதான் கிடைத்தது. அலுமினியக் கொக்கி, அதற்கு வேப்பங்கட்டையில் நான் போட்ட கைப்பிடி. துண்டைப் பிரித்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். உட்காரவில்லை. எப்படி உட்காரும்? என்னுடையது வலது கை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஜன்னல் வழியாக விசிறப் போனேன். மல்லிகா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். "இத்தினி வருஷமாச்சு, எங்கம்மா மேல இன்னுமா கோவம் தீர்ல?" என்று கேட்டாள்.

தீரவில்லை. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களை அவர்களுடைய மாமியார் ஏமாற்றியிருக்க மாட்டார். நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அதுவும் ஆறு மாதம்.

மாமனார் போன பிறகு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடியில், தனியாக இருந்தீர்கள். "எங்களோட வந்துடச் சொல்லு" என்று மல்லிகாவிடம் எத்தனை முறை சொல்லி அனுப்பினேன். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று தண்டையார்பேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இளம் வயதில் ராயபுரத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா வீட்டில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட குல்லாப் பின்னல்தான் உங்களுக்குச் சோறு போட்டது. மெட்ராஸ் வெயிலில் கம்பளியா என்று நான் சிரித்தேன். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கடை வைத்திருந்தவர் சிரிக்கவில்லை. மே மாதமாக இருந்தாலும் பச்சைக் குழந்தையின் தலையை மூடாமல் நம் ஜனங்கள் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் பின்னப் பின்ன வாங்கிக்கொண்டார்.

என்னிடம் மட்டும் நீங்கள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்துவிடுவீர்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவீர்கள். அங்கிருந்து, "அவரு சாப்புட்றாரான்னு கேளுடி" என்பீர்கள். எனக்குக் காது கேட்கும். ஆனாலும் மல்லிகா கேட்டால்தான் நான் பதில் சொல்ல வேண்டும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "சாப்புட்றேன்னு சொல்லு" என்று மல்லிகாவைப் பார்த்தே சொல்வேன். ஒரே அறையில் இரண்டு பேர், நடுவில் ஒரு தபால்காரி. இதற்குப் பெயர் மரியாதையாம்.

நீங்கள் இடக்கைக்காரி என்பதே எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை கண்ணில் இடது கையால் எதையும் செய்துவிடக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை. அதுவும் எப்போது தெரிந்தது? "அம்மாவுக்கு லெப்ட்டு கை குடையுதாம். கொக்கிய அந்தக் கையில புடிச்சிகினே கீதுல்ல, அதான்" என்று மல்லிகா வந்து சொன்னபோதுதான்.

அதான் என்று நானும் நம்பினேன். தண்டையார்பேட்டைப் பட்டறையில் லேத்துக்கு முன்னால் நின்றே வளர்ந்தவன் நான். அரம் பிடித்துக் கை காய்த்தால் அரத்தின் பிடியை மாற்று. ஸ்பேனர் உள்ளங்கையை அறுத்தால் அதன் மேல் ரப்பரைச் சுற்று. கை நோகிறதென்றால் குற்றம் கருவியில். எங்கள் தொழிலில் அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் கிடையாது.

முதலில் சைக்கிள் டியூபை வெட்டிக் கொக்கியின் மேல் ஏற்றிக் கொடுத்தேன். வியர்வையில் பிசுபிசுத்தது, கம்பளி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தது துறைமுகத்திலிருந்து வருகிற பெட்டிப் பலகையைக் கடைந்து உருண்டையாக ஒரு பிடி. விரலுக்குள் நிற்காமல் உருண்டது. கையை அளவெடுக்காமல் கைப்பிடி செய்தால் இப்படித்தான். ஆனால் எப்படி அளவெடுப்பது? மாமியார் கையைப் பிடித்துப் பார்க்கவா முடியும்? கதவுக்கு வெளியில் விரலை நீட்டச் சொன்னால்கூட நீட்ட மாட்டீர்கள்.

சப்பாத்தி மாவு யோசனை எனக்குத்தான் வந்தது. கெட்டியாகப் பிசைந்த மாவைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிக் கொடுத்தனுப்பினேன். ஊசி பிடிக்கிற மாதிரி இடது கையால் அழுத்திப் பிடித்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னேன். முறுக்கு டப்பாவில் வைத்து மல்லிகா கொண்டுவந்தாள். திறந்து பார்த்தால் உங்கள் ஐந்து விரலும் அதில் இருந்தன. கட்டைவிரல் பள்ளம், சுட்டுவிரலின் சாய்வு, சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு சின்ன நகக்கீறல். அதற்கு முன்னால் உங்கள் கையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அந்த மாவு காய்ந்து வெடிப்பதற்குள், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேப்பங்கட்டையை அராவி அராவி அந்தப் பள்ளங்களைக் கொண்டுவந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. செருக்கில் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன்.

"கையில வச்ச மாதிரியே தெர்லியாம். நோவே இல்லியாம்" என்று பதில் வந்தது. பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து முழங்கை குடைகிறது என்றாள் மல்லிகா. கை அந்தரத்தில் நிற்பதால் இருக்கும் என்று, மடியில் வைத்து முழங்கையை ஊன்றிக்கொள்ள, பஞ்சு வைத்துத் தைத்த பலகை ஒன்று செய்தேன். "ரொம்ப சொகமா கீதாம்." பிறகு தோள்பட்டை. நூல் பந்தை இழுத்து இழுத்துத்தான் தோள் வலிக்கிறது என்று, பேரிங் வைத்துச் சுற்றுகிற தட்டு செய்தேன். விரல் நுனியால் தொட்டால் நூல் தானாக வரும். "சூப்பரா கீதாம்." மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் ஒருமுறை காதில் விழுந்தது. மூன்று மாடி ஏறினால் யாருக்கு வாங்காது என்று சொன்னவனும் நான்தான். வலி மணிக்கட்டிலிருந்து மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. நான் அதன் பின்னாலேயே உளியும் அரமுமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு மடையனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த நாளுக்கு வருகிறேன். பட்டறையில் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணி லாரி வந்துவிட்டதென்று மல்லிகா குடத்தோடு ஓடியிருந்தாள். காலை பத்தரை இருக்கும். வாசலில் நீங்கள் நின்றீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் வந்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உள்ள வாங்க அத்தை. தண்ணி புடிக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா" என்றேன்.

"இருக்கட்டுங்க மாப்ளே" என்றீர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ரவிக்கை முழுக்க வியர்வை. வெயிலில் வந்த வியர்வை என்று நினைத்தேன். நாற்காலியை எடுத்து வாசலில் போட்டேன். உட்காரவில்லை. நான் அங்கேயே நின்றால் உங்களுக்குச் சங்கடம் என்று உள்ளே போய்விட்டேன். ஆமாம், உள்ளே போனேன்! மரியாதை தெரிந்த மாப்பிள்ளை. போகிற போக்கில், "கை எப்டி கீது அத்தை?" என்று கேட்டேன். "நல்லாகீதுங்க. நீங்க செஞ்சி குட்த்தது நல்லாகீது" என்றீர்கள்.

அரை மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறீர்கள். மல்லிகா வந்ததும் அவள் காதில், "மாரு அடைக்குதுடி. அவருகிட்ட சொல்லாத" என்றீர்களாம். சொல்லிவிட்டுச் சரிந்தீர்கள்.

ஆட்டோவில்தான் முதல் முறையாக உங்கள் இடது கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், கைவலி எத்தனை நாளாக என்று. ஆறு மாதமாக, ஊசி பிடித்ததால் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

சாவு வீட்டில் உங்கள் சொந்தக்காரப் பெண்கள் மாற்றி மாற்றி உங்களைப் புகழ்ந்தார்கள். "மாப்பிள்ளை எதுர்ல ஒரு நாள் குந்தியிருக்குமா? மகராசி!" என்றார்கள். பந்தலைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது எனக்கு. அந்தப் பெருமையைச் சம்பாதிக்கத்தான் நின்றுகொண்டே செத்தீர்களா? காரியம் முடிந்த அன்று மல்லிகா அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னாள். கைப்பிடி போட்ட பிறகும் வலி ஒரு துளி குறையவில்லையாம். "அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சி குட்த்துருக்காரு. நோவுதுன்னு சொன்னா அவுரு மனசு நோவும்" என்று அவள் வாயையும் அடைத்திருக்கிறீர்கள். என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டீர்கள், அத்தை. எப்படி இருக்கிறது பாருங்கள் இப்போது.

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நேராகக் கேட்க எனக்கும் வாய் இருந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

இதெல்லாம் காலையிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. மதியம் என் மாப்பிள்ளை வந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறார், தங்கமான பையன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மல்லிகா எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அப்படியே உங்களைப் போல. "அத்தைக்கு ஒடம்பு எப்படிக் கீது மாமா?" என்று அவர் என்னைக் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து, "நல்லாகீதுன்னு சொல்லுங்க" என்று குரல் வந்தது.

அவ்வளவுதான், கத்திவிட்டேன். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "வெளிய வாடி. குந்து. அவரு மூஞ்சப் பாத்துச் சொல்லு, எங்க வலிக்குது?" முட்டி வலி என்று சொல்வாள், மாப்பிள்ளை ஒரு தைலம் வாங்கி வருவார் என்றுதான் நினைத்தேன். என்னிடம் முட்டி வலி என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் பிடித்து ஏறட்டும் என்று போன மாதம்தான் மாடிப்படிக் கம்பிக்கு மரத்தில் ஒரு பிடி கடைந்து போட்டிருந்தேன்.

மல்லிகா வந்து உட்கார்ந்தாள். புடவை நுனியைத் திருகினாள். பிறகு நிமிர்ந்து, "மாடி ஏறுனா நெஞ்சு அடைக்குதுங்க மாப்ளே" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மாப்பிள்ளை நிற்கவில்லை. "எந்திரிங்க அத்தை, கெளம்பலாம்" என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினார். கையைப் பிடித்து! வானம் இடிந்து விழவில்லை.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு குழாயில் அடைப்பாம், நாளைக்குச் சரிசெய்கிறார்களாம். மாப்பிள்ளை உள்ளே அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். "கரெக்டான நேரத்துல கூட்டிட்டு வந்துட்டீங்க" என்று டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, அத்தை. இதே வார்த்தையை உங்களுக்கும் ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் மேல்தான் மறுபடியும் கோபம் வந்தது. அது இருக்கட்டும். இந்தக் கோபம் இல்லாமல் இருந்திருந்தால் இன்று மதியம் நான் கத்தியிருக்க மாட்டேன்.