பனி வாரும் மிஷினும் காப்புக் கயிறும்

பரவை
1944, தை மாதம்

பிரியமுள்ள மச்சான் அவர்களுக்கு, ஒச்சாயி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் வெள்ளாடும் சுகம். நீங்கள் எந்த மலையில் இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. ஊர்ப்பேர் எழுதிய இடத்திலெல்லாம் பட்டாளத்து அதிகாரிகள் மை பூசி அனுப்புகிறார்கள்.

தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூர் போய்வந்தேன். எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள், நான் தூணோடு தூணாக நின்றேன். ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. பேச ஆளில்லாமல் ஆட்டோடு பேசினால் அதுவும் எழுந்து போய்விடுகிறது.

பெட்ரோலில் ஓடும் அந்த மிஷினைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். பாதையில் விழுந்த பனியை வாய்க்குள் இழுத்துக் குழாய் வழியாகப் பள்ளத்தில் வீசும் என்றீர்கள். ஈரப்பனி வாயில் அடைத்தால் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பால்தான் குத்தி எடுக்க வேண்டும் என்று உங்கள் பட்டாளத்துத் துரை படித்துப் படித்துச் சொல்கிறாராம். நீங்களோ, நிறுத்தினால் குளிரில் மறுபடி கிளம்பாது, அதனால் ஓடும்போதே கையை விட்டு வழித்துவிடுகிறேன், ஒச்சாயி அனுப்பிய காப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்க எனக்கென்ன என்று பெருமையடித்திருக்கிறீர்கள்.

நான் அரிசி புடைக்கப் போகும் மில்லில் சுருளி அண்ணன் இருக்கிறாரே, மார்கழிக் கடைசியில் அவருக்கு நடந்ததைக் கேளுங்கள். இஞ்சினை நிறுத்தியதும் சக்கரமும் நின்றுவிட்டது என்று நினைத்து அடைப்பை எடுக்கக் கையை விட்டார். அதற்குள் வேகம் மிச்சமிருந்திருக்கிறது. மணிக்கட்டில் அவரும் காப்புக் கயிறு கட்டியிருந்தார், சக்கரம் அதைத்தான் முதலில் பிடித்தது. கயிறு அறவில்லை, கைதான் போயிற்று. அறுந்துவிடக் கூடாது என்று நான்தானே முறுக்கி முறுக்கிக் கட்டினேன் என்று அவர் சம்சாரம் இருளாயி அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் கயிற்றை அறுத்துப் போடுங்கள். இஞ்சினை நிறுத்தி, சக்கரம் முழுக்க நின்ற பிறகும் கம்பால்தான் குத்துங்கள், கையை விட வேண்டாம். நீங்கள் திரும்பி வந்து அம்மன் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும் என்று நேர்ந்து அனுப்பியவள் நான். மாரியம்மனிடம் நேரில் சொல்லிவிட்டேன், நேர்த்தி தப்பினால் என்னைக் கேள், அவரைக் கேட்காதே என்று. பூசாரி முத்திருளன் இப்படியும் ஒருத்தியா என்று ஏசினார். ஏசட்டும்.

கழுத்துத் துணியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இஞ்சின் ஆறிய பிறகு பெட்ரோல் ஊற்றுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடவிட வேண்டாம், அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று மில்லில் இஞ்சின் ஓட்டும் டிரைவர் சொல்கிறார்.

நேற்று இன்னொரு கடிதம் வந்தது. எழுத்து உங்களுடையது அல்ல. விரல் மரத்துவிட்டது, கூட்டாளி எழுதுகிறான் என்று போட்டிருந்தது. மிஷினைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நம்பத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

என் கடிதம் பிந்திப்போயிருந்தால் மறைக்க வேண்டாம். அதையும் கூட்டாளியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கை எப்படி இருந்தாலும் ஆளாக வந்து சேருங்கள், மச்சான். சோறு பிசைந்து ஊட்ட எனக்கு இரண்டு கை இருக்கிறது.

உங்கள் வழி பார்த்திருக்கும்
ஒச்சாயி