வெயிலில் நீ காட்டிய கடைசி ரீல்

எண்ணெய்ப் பனை நாற்றுகள் எங்கள் தீவுக்கு, ஹட் பேயில் வந்து இறங்கிய வருஷம் அது. டெல்லியில் எமர்ஜென்சி என்று கேன்டீன் ரேடியோ சொன்னது. அது என்னவென்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை; மேஸ்திரி மட்டும் அந்த ஒரு சொல்லை வைத்தே எங்களை விரட்டி வேலை வாங்கினான். கப்பல் அணையும் ஜெட்டி பாதிதான் எழும்பியிருந்தது. கப்பல் தூரத்தில் நிற்கும், ஆளும் சாமானும் படகில்தான் கரை சேர வேண்டும். வருஷத்தின் எண்ணைச் சொல் என்றால் எனக்குத் தெரியாது. எண்ணும் எழுத்தும் தெரிந்தவன் நீ என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். உன்னைக் கேட்கலாம் என்றால், போன மழைக்கு முன்னாலேயே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இதையும் நான் எழுதவில்லை. நான் பேசப் பேச மருமகள் கலாவின் போன் எழுதிக்கொள்கிறது. அப்புறம் அவள் படித்துக் காட்டி, கொச்சையைத் திருத்துகிறாள். இந்தச் சின்னக் கண்ணாடித் தகட்டுக்கு எழுதவும் தெரிகிறது, படிக்கவும் தெரிகிறது. உன்னைவிட யோக்கியமானது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கலா அதில் எனக்குப் படம் போட்டுக் கொடுப்பாள். "மாமா, இது சூப்பர் கொள்ளைப் படம், எல்லாரும் பாக்கச் சொல்றாங்க" என்பாள். பார்க்கிறேன். ஆறு பேர் சேர்ந்து பாங்கை உடைக்கிறார்கள், ஆறு பேருக்கும் சட்டை கசங்கவில்லை. ஒருவன் மேசையில் வரைபடத்தை விரித்துக் குச்சியால் தொட்டுக் காட்டுகிறான், மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். ஒருவனாவது கொட்டாவி விட வேண்டாமா? தங்கம் நிறைந்த பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தூ! ஒரு நாள், ஒரே ஒரு நாள், மண்ணோடு ஒரு பனை நாற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் நாற்றுப் பண்ணை மேட்டில் ஏறிப் பார்க்கட்டும்.

"அப்ப எதுதான் நல்ல படம்? நீங்களே சொல்லுங்க" என்றாள் கலா. சொன்னேன். கல்யாண வீட்டில் நகை திருட வந்த இரண்டு பேர் பந்தி பரிமாற மாட்டிக்கொண்டு, கடைசி வரை சாம்பார் வாளியோடே அலைவார்களே, அதைப் பார். பூட்டு உடைக்க வந்த கிழவன் வாசலில் கட்டிக் கிடந்த நாயோடு சிநேகமாகி, நாயை மட்டும் அவிழ்த்துக்கொண்டு திரும்பிப் போவானே, அதைப் பார். திருடனுக்குப் பசிக்க வேண்டும். திட்டம் போட்டவன் முட்டாளாக இருக்க வேண்டும். அள்ளி வந்தது வேறொன்றாக இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லாத படத்துக்கு எதற்கு இரண்டரை மணி நேரம்? இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு நீ ஞாபகம் வந்துவிட்டாய். மூன்றும் சேர்ந்தவன் நீ.

முந்தாநாள் அவள் பழைய இந்திப் படம் ஒன்றைப் போட்டாள். சமையல்காரன் வேஷத்தில் ஒருவன் வாளி நிறைய மீனோடு அரண்மனைக்குள் நுழைகிறான். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அதே படம். மழை பாதியில் கலைத்துவிட்ட நம் படம்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் தாவூது பாய் வருவார், அரசாங்க ஆபரேட்டர். ஒரு தகரப் பெட்டி, ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர். இரண்டு மரங்களுக்கு நடுவே திரையைக் கட்டுவார். முதலில் ஒரு சர்க்கார் படம் போடுவார், கோழி வளர்ப்பது, கிணற்றுக்கு மருந்து போடுவது என்று ஏதாவது. பிறகு பெரிய படம். எந்தப் படம் நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது உன் உத்தியோகம். மெட்ராஸில் ஒரு கொட்டகை வாசலில் இரண்டு வருஷம் சோடா விற்றவன் நீ. "கள்ளன் படம்னா பாரு மாப்ளே, குடும்பப் படம்னா படுத்துத் தூங்கு" என்பாய். நோட்டீஸ் ஒட்டினால் எட்டு பேருக்கு நடுவில் நின்று சத்தமாக வாசிப்பாய். ஒரு முறைகூட நீ தடுமாறிப் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கள்ளன் படம் வந்த கப்பலில்தான் எனக்கு அம்மாவின் கடுதாசியும் வந்தது. அது மூன்றாவது. ஊர்த் தபால்காரரைக் கெஞ்சி எழுதச் சொல்லியிருப்பாள். மூன்றையும் எனக்குப் படித்துக் காட்டியவன் நீதான். லீவு கேட்டு மேஸ்திரியிடம் சம்மதமும் வாங்கியிருந்தேன். அந்தக் கப்பலில் ஏறுவதா வேண்டாமா, கடுதாசிதான் சொல்ல வேண்டும். நீ விரித்துப் பிடித்து வாசித்தாய்.

"எல்லாரும் சுகம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. அவசரப்பட்டு வராதே, வேலையைக் கெடுத்துக்காதே."

"ஆடா? எங்க வீட்டுல ஆடே கிடையாதேடா."

"இப்ப வாங்கியிருக்கா மாப்ளே. இந்தா, போட்டிருக்கே, ஆடுன்னு."

விரலால் தொட்டுக் காட்டினாய். நானும் அந்த இடத்தைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கடுதாசியை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கப்பலில் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் படம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று கள்ளர்கள், ராஜா வீட்டு நகைப் பெட்டி, துரத்தும் போலீஸ். கடைசி ரீலைப் போடும் நேரத்தில் வானம் உடைந்து கொட்டியது. தாவூது பாய் மிஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டுக் கையை விரித்தார். "கதம் பாய், கதம். நாளைக்கு மூணு மணிக்கு ஷிப்." பெங்காலிகள் கத்தினார்கள், ராஞ்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். கள்ளன் தப்பித்தானா மாட்டினானா என்று தெரியாமல் ஒரு தீவே நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் நீ திட்டத்தோடு வந்தாய். "கடைசி ரீலைத் தூக்குறோம். மத்தியானம் வெயில்ல பிடிச்சுப் பாக்குறோம். கப்பல் கிளம்புறதுக்குள்ள வச்சுடுறோம்." மிஷின் இல்லாமல் எப்படிடா என்று கேட்டேன். "படம் பூரா அதுலதானே இருக்கு? மிஷின் என்ன, விளக்குதானே? சூரியனைவிடப் பெரிய விளக்கு உண்டா?" நீ சொன்னதில் தப்பே எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட இரண்டு மூளைகள்.

பெட்டி ரேஷன் குடோனில் இருந்தது, வாசலில் தாவூது பாய். நம் கூட்டத்தில் மூன்றாவது ஆள் நாற்றுப் பண்ணையில் வேலை செய்த பாக்கியம், பின்னால் உன்னையே கட்டிக்கொண்ட புண்ணியவதி. அவித்த மரவள்ளிக் கிழங்கோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாய், அந்த ராணிக்கு முடி நெசமா, ஒட்டு முடியா?"

"எனக்கு எப்படிம்மா மாலும்? நான் என்ன இழுத்தா பாத்தேன்?"

அவர் சிரித்துக்கொண்டே கிழங்கை உரித்த நேரத்தில் நாம் பின்பக்கத் தகரத்தை நெம்பி உள்ளே போனோம். பெட்டியில் ஐந்து டின்கள். எல்லாவற்றின் மேலும் இங்கிலீஷில் எழுத்து. நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய், உதட்டை அசைத்தாய், நெற்றியைச் சுருக்கினாய். "இதுதான் கடைசி" என்று ஒன்றை எடுத்தாய். இன்றைக்கு இந்தப் படங்களில் கண்ணாடி போட்ட ஒருவன் பூட்டுக்குக் காதை வைத்துக் கேட்பானே, அவனுக்குக்கூட உன் முகத்தில் இருந்த கெத்து கிடையாது.

மத்தியான இடைவேளையில் நாற்றுப் பண்ணை மேட்டில் இருபது முப்பது பேர். ரீலை நீ ஒரு பக்கம் பிடித்து இழுக்க, மறுமுனையை நான் பிடித்தேன். நகத்தளவு படங்கள். நீ வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்தியும் தமிழும் கலந்து சொல்ல ஆரம்பித்தாய்.

"அப் சுனோ! துறைமுகம். கப்பல் கிளம்புது. மூணு கள்ளனுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். பெரிய கள்ளன் சொல்றான், உனக்குத்தான் அம்மா இருக்கா, நீ போடாங்கிறான். சின்னவன் அழுதுட்டே ஏறுறான். பாக்கி ரெண்டு பேரும் நகைப் பெட்டியைக் கடல்ல போட்டுட்டு, பாலத்துல உக்காந்து ஆளுக்கொரு பீடி."

"அவுர் போலீஸ்?" என்று ஒரு பெங்காலி கேட்டான்.

"போலீஸும் வந்துச்சு. ஒரு பீடி கேட்டுச்சு. குடுத்தாங்க."

கூட்டம் கை தட்டியது. பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் பக்கத்து முனையில் ஒருவன் பம்பு வைத்துச் சுவரில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த படத்திலும் அதே ஆள், அதே சுவர். "பம்பு வச்சிருக்கானேடா" என்று மெல்லக் கேட்டேன். "அது புகைத் துப்பாக்கி, ஆட்டாமப் பிடி" என்றாய்.

அப்போது கப்பல் ஊதியது. கடல் பொங்குகிறதென்று மூன்று மணிக்குப் பதில் ஒரு மணிக்கே கிளம்புகிறார்கள். நீ என்ன செய்தாய்? "இன்னொரு தடவை சொல்லு" என்று யாரோ கேட்டார்கள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய். பிடுங்கிச் சுருட்டி டின்னில் அடைத்துக்கொண்டு ஓடியவன் நான். கரைக்கு வந்தபோது தாவூது பாயின் படகு அலையைத் தாண்டிவிட்டிருந்தது. கடுதாசி நனையுமே என்று மடியிலிருந்து எடுத்து அதையும் டின்னுக்குள் போட்டு மூடினேன். டின்னைத் தலையில் வைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தேன். படகுக்காரன் முடியைப் பிடித்து மேலே இழுத்தான்.

தாவூது பாய் முதலில் ஒரு அறை விட்டார். பிறகு டின்னின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து இன்னொரு அறை.

"அரே பாகல், மச்சர் படத்தையாடா திருடினே? கொசுவுக்கு மருந்தடிக்கிற சர்க்கார் படம்டா இது! கள்ளன் படம் போனாக்கூடச் சமாளிப்பேன், இது போனா என் நௌக்ரி போயிருக்கும்!"

"கடைசி ரீல்னு எழுதியிருந்துச்சாம் பாய். படிச்சுப் பாத்துத்தான் எடுத்தான்."

"எவன் படிச்சான்? ஏ, பி தெரிஞ்சவன் எவனும் இதை எடுக்க மாட்டான்."

ரீல் கெட்டிருக்கிறதா என்று டின்னைத் திறந்தார். மேலே கடுதாசி. திருட்டுச் சம்பந்தமாக ஏதோ என்று நினைத்துப் பிரித்துப் படித்தார். அவர் கை தணிந்தது. குரலும் தணிந்தது.

"உங்கம்மாவாடா இது? மூணாவது கடுதாசின்னு எழுதியிருக்காங்க. படுத்துட்டாங்களாம். ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போன்னு எழுதியிருக்காங்க. நீ இங்க என்னடா பண்றே?"

ஆடு எங்கேயும் இல்லை. குட்டியும் இல்லை.

கரையைத் திரும்பிப் பார்த்தேன். தூரத்து மேட்டில் நீ இன்னும் கையைத் தூக்கி எதையோ காட்டிக்கொண்டிருந்தாய். கையில் ரீல்கூட இல்லை.

சட்டையில்லாமல் அந்தக் கப்பலில் ஏறினேன். "என் ஹெல்பர்" என்று தாவூது பாய் சொல்லி ஏற்றினார். போர்ட் பிளேரில் சட்டை வாங்கிக் கொடுத்து மெட்ராஸ் கப்பலிலும் ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு உயிர் இருந்தது. "மூணு கடுதாசி போட்டும் ஏன்டா வரலை?" என்று கேட்டாள். "படிச்சுச் சொல்ல ஆள் இல்லம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது நாள் இருந்தாள். அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால், நீ சரியான டின்னை எடுத்திருந்தால், எனக்கு அந்தப் பத்தொன்பது நாளும் கிடையாது.

திரும்பி வந்து பாதி கட்டிய ஜெட்டியில் உன்னைப் பிடித்தேன். "உனக்குப் படிக்கத் தெரியுமாடா?" என்று கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "தெரியாது. மொத தடவை நீ கேட்டப்ப இல்லேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு மாப்ளே. ரெண்டாந்தடவை, மொதல்ல சொன்னதுக்குத் தோதா சொல்லணும்ல." நான் உன்னை அடிக்கவில்லை. அடிக்கவும் லாயக்கில்லாதவன் என்று உன் காலடியில் துப்பிவிட்டு வந்தேன். பிறகு எத்தனையோ வருஷம், வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன் கல்யாணத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், பேசவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை. என் அம்மாவை ஆட்டுக்குட்டியோடு சேர்த்துப் புளுகியவன் நீ. எனக்குள் இருந்த ஏக்கத்தை எடுத்துக் கள்ளனுக்குக் கொடுத்து அவனைக் கப்பலேற்றினாய், என்னைக் கரையில் நிறுத்தினாய். செத்துப்போனாய் என்பதற்காக அதை நான் விட்டுவிடப் போவதில்லை.

முந்தாநாள் அந்தப் படத்தைக் கடைசி வரை பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து நிஜ முடிவு. கேட்டுக்கொள். பெரிய கள்ளன் மீசையைப் பிய்த்து எறிகிறான். அவன் போலீஸ் ஆபீசராம். நகை சர்க்காருக்குப் போகிறது. எல்லாரும் சல்யூட் அடிக்கிறார்கள், ஒரு பாட்டு வேறு. இதற்கா ஒரு தீவே தூங்காமல் கிடந்தது? கொசு மருந்துப் படம் எவ்வளவோ மேல்.

போனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் வீட்டுக்காரி முருங்கைக்கீரை கொடுக்க வந்தாள். திரையைப் பார்த்ததும் மீன் வாளிக்காரனைக் கண்டுகொண்டாள்.

"அண்ணே, அந்தப் படமா? அவரு வெயில்ல பிடிச்சுக் காட்டுனாரே, அதுவா?"

"உம் புருசனுக்குப் படிக்கத் தெரியாது, தெரியுமா உனக்கு?" இத்தனை வருஷம் பொத்தி வைத்தது அப்படி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

அவள் சிரித்தாள். "கட்டிக்கிட்ட மொத வாரமே தெரியும். ரேஷன் கார்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அதுக்கென்ன? படம் பாக்க எழுத்து எதுக்கு? அதை அவரு கண்ணால பாத்துத்தானே சொன்னாரு. சொல்லுங்க, சின்னவன் கப்பல் ஏறிட்டானா? அம்மாவைப் பாத்துட்டானா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். "ஏறிட்டான். பாத்துட்டான்" என்றேன்.

"மத்த ரெண்டு பேரு?"

"பாலத்துல உக்காந்து பீடி குடிச்சாங்க."

"போலீஸ்?"

"அதுவும் ஒண்ணு வாங்கிக்கிச்சு."

அவள் நிம்மதியாகக் கீரையை வைத்துவிட்டுப் போனாள். கலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உனக்குத் தோதாகப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே என்னை, பாவி. இத்தனை படம் பார்த்து நான் சிபாரிசு செய்வது, யாரும் எடுக்காத அந்த ஒரு முடிவைத்தான். அந்த மேட்டில் அன்றைக்கு அதைக் கேட்டுக் கை தட்டிய பெங்காலிகள் போய்விட்டார்கள், ராஞ்சிக்காரர்கள் போய்விட்டார்கள், தாவூது பாயும் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். நம்பாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கணக்கில் வரமாட்டான். நம்பிக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பது ஒருத்திதான். பாக்கியம்.