என் விசில் உன் கழுத்தில்

முடிச்சூர்
4.3.2025

கைனாத்துக்கு,

“அன்புள்ள” என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் பேசினால் கத்துவேன், கத்தினால் அழுதுவிடுவேன், நான் அழுவதை நீ கேட்க வேண்டாம். அதனால்தான் கடிதம். டீம் கேப்டன் யூனிஸ் எங்கள் தெருப் பக்கம் டியூஷனுக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை கிளப் செயலாளர் ஞானையா சார் பேக்கரிக்குக் கூப்பிட்டார். டீ சொன்னார், பப்ஸ் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கேம்ப் ரோடு மகளிர் ஃபுட்பால் டீமுக்கு இத்தனை வருடம் கோச்சாக இருக்கிறேன், அவர் கையால் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியதில்லை.

“பாயின்ட் டேபிள்ல கடைசியில நிக்கிறோம்மா. இன்னும் மூணே மேட்ச். கீழ் டிவிஷனுக்குப் போயிட்டா ஸ்பான்சர் கழண்டுக்குவான். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்றார்.

சரி சார் என்றேன். வரிசையாகத் தோற்றது நான்தானே. புது கோச் யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பப்ஸைச் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

நேற்று ஸ்கூல் விட்டு வரும்போது கேம்ப் ரோடு சிக்னலில் பஸ் நின்றது. கிரவுண்டைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன், பார்த்துவிட்டேன். பெண்கள் உன்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். யூனிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் சிரித்தே இந்த சீசனில் நான் பார்த்ததில்லை. உன் கழுத்தில் நீலக் கயிறு போட்ட விசில். அது கிளப் விசில்தான், தெரியும். ஆனாலும் என் விசில்.

நீ கோழிக்கோட்டு அகாடமி வேலையை விட்டுவிட்டு வந்து சும்மா இருந்தபோது, “வீட்டுக்குள்ளயே கிடக்காதடி, கிரவுண்டுக்கு வா” என்று இழுத்து வந்து ஞானையா சாருக்கு அறிமுகம் செய்தவள் நான். அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஜென்சி


மேடவாக்கம்
6.3.2025

அன்பு ஜென்சிக்கு,

நான் ஸலாம் சொன்னால் நீ “தோத்திரம்” என்று பதில் சொல்வாயே, அப்படி ஒரு ஸலாம். பதில் வராது என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லத்தான் அன்று இரவே கூப்பிட்டேன். நீ கட் செய்தாய். மறுநாள் பிளாக் செய்திருந்தாய். வீட்டுக்கு வந்தேன், உன் வீட்டுக்காரர் ஜேசன் அண்ணா கதவைப் பாதி திறந்துகொண்டு, “அவ தூங்குறாம்மா” என்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, நீ சேனல் மாற்றினாய்.

பொய் சொல்ல மாட்டேன். ஞானையா சார் கேட்டவுடன் சரி என்றுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்தான். அந்த நேரத்தில் தோன்றவில்லை. யாராவது என்னிடம் ஒரு டீமைக் கொடுக்க மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன் ஜென்சி. உன் பக்கத்தில் நின்று நீ கோச்சிங் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். பொறாமை உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே.

நோன்பு நேரம். மாலைப் பயிற்சி முடியும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெண்கள் முறை போட்டு யாராவது ஒருத்தி எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவருகிறாள். அன்பு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, “கைனாத் அக்காவுக்கு நோன்பு திறக்க எதாவது எடுத்துட்டுப் போங்க” என்று போன வருடமே நீ சொல்லி வைத்ததாம். நான் எதைத் தொட்டாலும் அதில் நீ இருக்கிறாய். “ஜென்சி அக்கா இப்படி நிக்கச் சொல்ல மாட்டாங்க”, “ஜென்சி அக்கா இருந்தா கத்த மாட்டாங்க.” ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பது?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் கோல்கீப்பர் வேதா கோல் கோட்டைத் தாண்டி ஒரு அடி முன்னால் வர மறுக்கிறாள். பந்து தலைக்கு மேலே பறக்கும்போதும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறாள். நீயும் கோல்கீப்பர், அவளை உருவாக்கியவளும் நீ. அவளிடம் எப்படிப் பேசுவது, சொல்லேன்.

உன்
கைனாத்


முடிச்சூர்
11.3.2025

கைனாத்துக்கு,

சொல்ல மாட்டேன்.

கோச் நீ. பேரும் உனக்கு, பேரீச்சம்பழமும் உனக்கு. மூளை மட்டும் என்னுடையது வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக மேட்சுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் துப்பட்டா, கடைசி வரிசை. எங்கள் நோன்பான லெந்து காலத்தில் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று அன்று காலைதான் போதகர் பிரசங்கம் செய்தார். நான் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தோற்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருந்தேன். நான் வளர்த்த பெண்கள் தோற்க வேண்டும் என்று.

நீங்கள் இரண்டாவது கோல் போட்டபோது என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து குதித்தார்கள். நான் எழவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, “நீங்க எதிர் டீமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாம் ஆடிய காலத்திலும் இப்படித்தான். நீ கோல் போட்டால் பேப்பரில் போட்டோ. நான் பிடித்தால் முட்டியெல்லாம் சேறு. அப்போதெல்லாம் எனக்கு வலிக்காது என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வேதாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அந்தப் புதுப் பெண்ணை கோலில் நிறுத்தினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கடைசி வரிசையில் இருந்து நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நீ பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டாய், வாழ்த்துகள். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

ஜென்சி


மேடவாக்கம்
18.3.2025

ஜென்சி,

நேற்று முன்தினம் வேதா மேட்சுக்கு வரவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம். திரும்பவும் கடைசி இடம்.

இன்று காலை யூனிஸைக் கூட்டிக்கொண்டு அனகாபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போனேன். உடம்பு சரியில்லை என்று அவள் அம்மா சுந்தரவல்லி சொன்னார். வேதா எழுந்து வந்து, “உடம்புலாம் நல்லாதான் கீது. ஜென்சி அக்காதான் போவாதன்னாங்க. நீ இல்லாம தோத்தாதான் உன் அருமை அவளுக்குத் தெரியும்னாங்க” என்றாள். சின்னப் பெண், மறைக்கத் தெரியவில்லை.

அந்த மேட்சைப் பார்க்க ரயில்வே டீமுக்கு ஆள் எடுப்பவர் வந்திருந்தார். அவர் வர வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லி வைத்தேன் தெரியுமா? வேதாவைப் பார்க்கத்தான் வந்தார். சொன்னால் பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. முந்தின மேட்ச் உட்கார வைத்ததும் அவளை இந்த மேட்சுக்குத் தயார் செய்யத்தான், அந்த வாரம் முழுக்க அவளோடு தனியாக வேலை செய்தேன். ஆணி கழன்றுவிட்டது ஜென்சி. முன்னால் வந்து பந்தைப் பறிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அந்த மனிதர் பாதி மேட்சில் எழுந்து போய்விட்டார். அவளுக்கு அது வெறும் மேட்ச் இல்லை, ரயில்வேயில் வேலை. அவள் அம்மா விசைத்தறி சத்தத்தில் நின்றுகொண்டு படிக்க வைத்த பெண்.

என்மீது பொறாமைப்படு. என்னைத் திட்டு, நான் தோற்க வேண்டும் என்று ஜெபம் செய். அதையெல்லாம் நான் வாங்கிக்கொள்வேன். அவளை ஏன் இழுத்தாய்?

இனி எழுத மாட்டேன்.

கைனாத்


மேடவாக்கம்
30.3.2025

ஜென்சி,

எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன்.

நேற்று கடைசி மேட்ச் டிரா. ஒரே ஒரு பாயின்ட், அது போதும் என்றாகிவிட்டது. நமக்கு மேலே இருந்த டீம் பெரிதாகத் தோற்றதால் அவர்கள் இறங்குகிறார்கள், நாம் இருக்கிறோம். பெண்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். விழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வேதா ஒரு கோல் விட்டாள். ஆனால் கடைசி நேரக் கார்னரில் கூட்டத்துக்குள் பாய்ந்து வந்து பந்தைக் குத்தி வெளியே தள்ளினாள் பார், எனக்குச் சிலிர்த்துவிட்டது. போன வாரம் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிவந்து கேட்டில் விட்டுவிட்டுப் போனது நீதான் என்று யூனிஸ் சொன்னாள். அவளிடம் என்ன பேசினாய் என்று கேட்டால் வேதா வாயே திறக்கவில்லை.

ரயில்வேக்காரர் நேற்று வரவில்லை.

ஞானையா சார் அடுத்த சீசனும் நானே இருக்கச் சொல்லிவிட்டார். துணை கோச்சாக ஜென்சி வர வேண்டும், அப்படியென்றால்தான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றுவிட்டார். இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள். வருவாயா?

கைனாத்


முடிச்சூர்
2.4.2025

அன்புள்ள கைனாத்துக்கு,

பெருநாளுக்கு வரவில்லை. முதல் நாள் ஸ்கூலுக்குக் கிளம்பும் குழந்தை மாதிரி சுடிதார் மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தேன், ஜேசனும் வண்டியை எடுத்துவிட்டார். உன் வீட்டில் டீம் முழுக்க இருக்கும் என்று நினைப்பு வந்தது. திரும்ப உள்ளே போய்விட்டேன். தாமதமாக ஈத் முபாரக்.

இனி எழுத மாட்டேன் என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்று இரண்டு வகுப்பை எப்படி நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் வேதா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று அவள் அம்மா எதிரிலேயே சொன்னேன். ரயில்வே விஷயத்தையும் சொன்னேன். சுந்தரவல்லி அக்கா சும்மா விடவில்லை.

“இன்னா டீச்சர் நீங்க? உங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா? நீங்க சொன்னா அவளுக்கு வேதவாக்கு மாதிரி. அது தெரிஞ்சுதானே சொன்னீங்க?”

தெரிந்துதான் சொன்னேன். வேதா அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, பிராக்டிசுக்கு டைம் ஆச்சு” என்றாள். வழியெல்லாம் பேசவில்லை. நீ வேதாவிடம் என்ன கேட்டும் அவள் சொல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான், வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த ரயில்வேக்காரரையும் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, இன்னொரு மேட்ச் வந்து பாருங்கள் சார் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். “இந்த வருஷம் ஆள் எடுத்தாச்சும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அடுத்த வருஷம் எடுப்பார்களா, தெரியாது. அது என் கணக்கில் இருக்கட்டும். நீ அதைத் துடைத்துவிடப் பார்க்காதே.

கடைசி மேட்சுக்கு மாஸ்க் போடாமல் வந்தேன். நீ பார்க்கவில்லை. டிரா ஆனதும் எழுந்து நின்று கைதட்டினேன், உண்மையாகவே தட்டினேன். பிறகு உன்னைத் தூக்கினார்கள். யூனிஸ், வேதா, எல்லாரும். கை நின்றுவிட்டது. என்னை ஒரு தடவைகூட அவர்கள் தூக்கியதில்லை கைனாத். தூக்கும்படி நான் ஒன்றும் ஜெயித்துக் கொடுக்கவில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டேன்.

துணை கோச் வேலை வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டுக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் வேலைக்கு ஆவேன் என்றுதான் கேட்டிருக்கிறாய், அதற்காக நன்றி. ஆனால் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் நான் தினமும் கிரவுண்டைப் பார்க்க மாட்டேன், உன் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னொரு வேதாவை நான் கெடுப்பதற்கு முன்னால் தள்ளி நிற்பது நல்லது. ஞானையா சாரிடம் நானே சொல்லிவிட்டேன்.

நேற்று வேதாவுக்குப் போன் செய்தேன். காலையில் எங்கள் ஸ்கூல் கிரவுண்ட் காலியாக இருக்கும், அடுத்த வருட ரயில்வே தேர்வு வரைக்கும் உனக்குக் கீப்பிங் மட்டும் சொல்லித் தருகிறேன், வருகிறாயா என்று கேட்டேன். முன்பெல்லாம் நான் கேட்டு முடிப்பதற்குள் சரிக்கா என்பாள்.

“யோசிச்சு சொல்றேன்க்கா. கைனாத் அக்கா கையிலயும் கேக்கணும்” என்றாள்.

உன்னைக் கேட்பாள். சரி என்று சொல். இல்லை, உனக்குச் சரி என்று படாவிட்டால் வேண்டாம் என்று சொல். யோசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் கைனாத், அது உன்னிடம் வந்த பிறகுதான்.

அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

உன்
ஜென்சி