செவ்வாய்க்கு நெருப்பு, வெள்ளிக்குத் தங்கம்

17 ஆகஸ்ட் 1943, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் ரோடு முழுக்கச் சேறு. (ஜப்பான்காரன் ஆட்சி. கிளாஸில் அவன் கணக்குப்படி 2603 என்றுதான் வருஷம் எழுத வேண்டும். இங்கே என் இஷ்டம்.)

டீச்சர்களுக்கு ஜப்பான் பாஷை கிளாஸ். நடத்துகிற ஜப்பான்காரரை 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும், வாத்தியார் என்று அர்த்தம். இன்று கிழமைகள். செவ்வாய்க்குக் கயோபி. 'க' என்றால் நெருப்பாம், நெருப்பு நட்சத்திரத்தின் நாளாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "சென்செய், எங்களுக்கும் இன்று அதே கிரகத்தின் நாள். சிவப்பு என்று அர்த்தம்."

அறை விழும் என்றே நினைத்தேன். போன வாரம் ஒரு வாத்தியாருக்கு விழுந்தது.

அடிக்கவில்லை. "நாளைக்கு?" என்றார். புதன். அவர்களுக்குத் தண்ணீர். வியாழன், மரம். வெள்ளிக்குத் தங்கம்! சனி, மண். பேர்தான் வேறு. கிரகமும் வரிசையும் அதே.

"யாரிடமிருந்து யார் வாங்கியது, சென்செய்?"

"தெரியாது."

அவர் அப்படிச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

18, புதன்

மறுபடியும் மரவள்ளிக்கிழங்கு. சோப்பு தீர்ந்தது.

பக்கத்து குவாட்டர்ஸ் செல்லம்மா அக்கா காதுக்கு விஷயம் போயாச்சு. "ஜப்பான்காரனோட என்னடி உனக்கு நட்சத்திரப் பேச்சு? உன் வீட்டுக்காரரைக் கொண்டு போனவனுங்க லா."

நியாயம்தான். சயாமில் ரயில் பாதை போட இவரை ஏற்றிப் போனது சித்திரையில். ஒரு சேதி இல்லை. சென்செய்யை வெறுக்கத்தான் வேண்டும். குழாயடியில் நின்றால் தண்ணீர், மரம், தங்கம், மண் என்று அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. எனக்கு என்ன ஆச்சு?

20, வெள்ளி (தங்கம்)

சயன்ஸ் வார்த்தைகள். ஹைட்ரஜனுக்கு சுய்சோ, தண்ணீரின் மூலப்பொருள். சரி. ஆக்ஸிஜனுக்கு சான்சோ, புளிப்பின் (ஆசிட்டின்) மூலப்பொருள். நான் இத்தனை வருஷம் பிராணவாயு என்று சொல்லிக்கொடுத்தேன். பிராணன் எங்கே, புளிப்பு எங்கே?

சென்செய் மருந்துப் படிப்பு படித்தவராம். "எல்லா ஆசிட்டிலும் அது உண்டு என்று நினைத்து வெள்ளைக்காரன் வைத்த பேர். தப்பு. சிலதில் கிடையாது. நாங்கள் அந்தத் தப்பையே மொழிபெயர்த்தோம்."

"அப்புறம் மாற்றவில்லையா?"

"ஒட்டிக்கொண்டது." சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். செல்லம்மா அக்கா கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

24, செவ்வாய்

வெயில். ஜப்பான் பாஷைப் பரீட்சை பாஸ். வேலை நிலைக்கும், அரிசிக் கூப்பனும்.

கிளாஸ் முடிந்ததும் சென்செய் தனியாகக் கூப்பிட்டார். அவரைச் சயாமுக்கு மாற்றிவிட்டார்களாம், அந்த ரயில் பாதை ஆபீசுக்கே. நாளைக்குக் கிளம்புகிறார். "உன் கணவர் அங்கே என்று சொன்னார்கள். பேர் என்ன?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. முதல் தடவை ஒரு ஜப்பான்காரனிடம் சொன்னேன்.

"சிவலிங்கம்."

"சிபாரிங்காமு."

"லி, சென்செய். லிங்கம்."

"சிபாரிங்காமு." அவர்கள் நாக்குக்கு 'ல' வராது, 'வ'வும் வராது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மனப்பாடம் ஆகிவிட்டது என்று தலையாட்டினார். நன்றி சொன்னேனா? ஞாபகம் இல்லை.

எத்தனை ஆயிரம் பேர் அங்கே. காட்டுக்குள் நின்று சென்செய் அப்படிக் கூப்பிட்டால், தன்னைத்தான் என்று இவருக்குத் தெரியுமா? ஜப்பான்காரன் கத்துகிறான் என்று ஒளிந்துகொண்டால்?